உலர்ந்த தூரிகையும் ஈயப் படைவீரர்களும்

கலை வரலாற்று நூல்களில் சுவரோவியங்களுக்கும் திரைச்சீலைகளுக்கும் கிடைக்கும் இடம், கட்டைவிரல் உயரமுள்ள ஈயப் பொம்மைக்குக் கிடைப்பதில்லை. அதில் வியப்பும் இல்லை. பொம்மை குழந்தைக்குரியது, கலை பெரியவர்களுக்குரியது என்னும் பாகுபாடு நமக்குள் ஆழமாகவே வேரூன்றியிருக்கிறது. ஆயினும் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தச் சிற்றுருக்களைச் சுற்றி ஒரு தனி உலகமே உருவாகியிருக்கிறது. அவ்வுலகத்துக்கென்று கலைச்சொற்கள் உண்டு, ஆசான்கள் உண்டு, மரபும் மரபு மீறலும் உண்டு, தீராத சண்டைகளும் உண்டு. சிற்றிதழ் உலகத்தை அறிந்த வாசகர்களுக்கு இவற்றில் எதுவும் புதிதாகத் தோன்றாது.

அந்தச் சண்டைகளுள் ஒன்றின் நடுவே நிற்பது 'டிரைபிரஷ்' என்னும் வண்ணமுறை. உலர்தூரிகை என்று நாம் இதைத் தமிழில் அழைக்கலாம். சிற்றுருக்களுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கும் எவரும் முதல் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டுவிடும் முறை இது. அதனாலேயே கற்றுத் தேர்ந்தவர்களில் ஒரு சாரார் இதனைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பதும் உண்டு. செய்யுளில் எதுகை மோனையைப் பார்ப்பதுபோல என்று சொல்லலாம். எளிதில் வாய்ப்பதாலேயே மதிப்பிழந்த ஒன்று. ஆனால் இந்த எளிய முறையின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால் அது சீனத்து எழுத்துக்கலை, பிரான்ட்டி குடும்பத்துக் குழந்தைகள், லண்டன் நகரத்துக் கூலிப்பெண்கள், இருபதாம் நூற்றாண்டின் உலகப்போர்கள் என்று நாம் எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் அழைத்துச் செல்கிறது.

முறை

முதலில் முறையைச் சொல்லிவிடுவோம். தூரிகையின் நுனியை வண்ணத்தில் தோய்க்க வேண்டும். பிறகு, தோய்த்த வண்ணத்தில் பெரும்பகுதியை ஒரு துணியிலோ தாளிலோ துடைத்துவிட வேண்டும். தூரிகையைக் கட்டைவிரலின் மேல் இழுத்துப் பார்த்தால் தோலின் ரேகைகள் மட்டும் மங்கலாக நிறம் பெற வேண்டும். அதற்கு மேல் ஒட்டினால் வண்ணம் இன்னும் அதிகமாக இருக்கிறது என்று பொருள். அந்த நிலைக்கு வந்த தூரிகையைப் பொம்மையின் மேல் மென்மையாகவும் விரைவாகவும் முன்னும் பின்னும் வீசினால், வண்ணம் புடைத்து நிற்கும் இடங்களில் மட்டும் படிகிறது. குழிவுகள் முன்பிருந்த நிறத்திலேயே தங்கிவிடுகின்றன.

காரணம் எளியது. வண்ணத்தில் நீர்மம் மிகுந்திருந்தால் அது நுண்புழை ஈர்ப்பினால் தானே வழிந்து பள்ளங்களைத் தேடிச் செல்லும். நீர்மம் வற்றிய வண்ணத்துக்கு வழியும் ஆற்றல் இல்லை. மயிரிழை எங்கே உரசுகிறதோ அங்கேயே அது ஒட்டிக்கொள்கிறது. கல்வெட்டுகளை மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தாளை ஈரமாக்கிக் கல்லின் மேல் படியவைத்து, மைப்பொதியால் ஒற்றும்போது கல்லின் மேற்பரப்பு கருமை பெறுகிறது. வெட்டப்பட்ட எழுத்துகள் வெள்ளையாகத் தெரிகின்றன. அங்கும் மை மேட்டைத் தொட்டுப் பள்ளத்தை விட்டுவிடுகிறது.

இதற்கு இணையாக, இதற்கு நேரெதிரான இன்னொரு முறையும் உண்டு. 'வாஷ்' என்று வண்ணக்காரர்கள் சொல்லும் அது, மிகவும் நீர்த்த கருநிறப் பூச்சு. அது மேடுகளிலிருந்து வடிந்து குழிவுகளில் தேங்கி நிழலாகிறது. இரண்டையும் சேர்த்துக் கையாள்வதே வழக்கம். அடிநிறம் ஒன்று, அதன்மேல் வாஷ், அது காய்ந்தபின் அடிநிறத்தைவிடச் சற்று வெளிறிய நிறத்தில் உலர்தூரிகை, அதற்கு மேல் இன்னும் வெளிறிய நிறத்தில் இன்னும் மென்மையாக ஒருமுறை. இடைக்காலத்துப் போர்வீரனின் சங்கிலிக் கவசத்துக்கு இதைவிடவும் சுருக்கமான வழி இருக்கிறது. கவசம் முழுவதும் கறுப்பைப் பூசிக் காயவிட்டு, வெள்ளி நிறத்தை உலர்தூரிகையால் ஒருமுறை வீசினால் போதும். நூற்றுக்கணக்கான வளையங்கள் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கும். கூரிய தூரிகையால் வளையம் வளையமாகத் தீட்டினால் ஒரு நாள் ஆகும் வேலை, அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

கம்பளி, விலங்கின் மயிர், மரப்பட்டை, கருங்கல் சுவர், பீரங்கி வண்டியின் இரும்புச் சங்கிலி என்று சொரசொரப்பான எதற்கும் இது பொருந்தும். வழவழப்பான கன்னத்துக்கும் அகன்ற துணிமடிப்புக்கும் பொருந்தாது. அங்கே வண்ணம் திட்டுத்திட்டாகி, சுண்ணாம்புத்தூள் படிந்ததுபோல ஆகிவிடும். இன்னொரு குறையும் உண்டு. இந்த முறை தூரிகையை விரைவில் அழித்துவிடும். ஆகையால் நுனி மழுங்கிய பழைய தூரிகைகளையே இதற்கு ஒதுக்கி வைப்பார்கள். நல்ல வேலைக்கு உதவாது என்று கழித்துப்போட்ட கருவியைக் கொண்டு செய்யப்படும் வேலை என்பதும் இதன் மதிப்புக் குறைவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சிறியவற்றுக்கு ஏன் ஒளியைத் தீட்ட வேண்டும்?

முப்பரிமாணம் உள்ள ஓர் உருவத்துக்கு ஏன் நிழலையும் ஒளியையும் வண்ணத்தால் தீட்ட வேண்டும் என்னும் கேள்வி இயல்பாகவே எழும். ஓவியனுக்கு அது தேவை. அவன் தட்டையான பரப்பில் புடைப்பை உண்டாக்க வேண்டியவன். சிற்பத்தின் மீது வெளிச்சம் தானாகவே விழுமே?

விழும். ஆனால் உருவம் சிறுக்கும்போது அதன் பள்ளங்களும் சிறுக்கின்றன. ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு பொம்மை, உண்மையான மனிதனின் அறுபதில் ஒரு பங்கு. அதன் மேலங்கியின் மடிப்பு அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. அறையின் பரவலான வெளிச்சம் அந்தப் பள்ளத்தின் அடிவரை புகுந்துவிடும். அங்கே தங்கும் நிழல் கண்ணுக்குப் போதாது. மேலும், அந்தப் பொம்மையை நாம் ஓரடித் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது, ஒரு முழு மனிதனை அறுபது அடித் தொலைவில் பார்ப்பதற்கு ஒப்பான அளவே கண்ணில் விழுகிறது. அத்தொலைவில் நிற்கும் மனிதனை நாம் அடையாளம் காண்பது வெயிலும் நிழலும் அவன்மேல் வரைந்திருக்கும் கோடுகளால். பொம்மையில் அந்தக் கோடுகள் இல்லை. ஆகவே அவற்றை வண்ணத்தால் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரே நிறத்தில் பூசப்பட்ட சிற்றுரு உயிரற்றுத் தோன்றுவதன் காரணம் இதுவே.

ஆகவே சிற்றுருக்கு வண்ணம் தீட்டுபவர் பொருளின் நிறத்தோடு அதன்மேல் விழாத ஒளியையும் சேர்த்தே தீட்டுகிறார். உலர்தூரிகை அந்த ஒளியைச் சிற்பத்தின் புடைப்புகளைக் கொண்டே கண்டுபிடித்துக் கொடுக்கிறது. தீட்டுபவர் ஓவியம் பயின்றவராக இருக்க வேண்டியதில்லை. வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதைச் சிற்பி முன்பே முடிவு செய்துவிட்டார்.

பறக்கும் வெண்மை

உலர்ந்த தூரிகையின் அழகைச் சிற்றுருக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. சீனத்து எழுத்துக்கலையில் 'ஃபெய்பாய்' என்றொரு நடை உண்டு. பறக்கும் வெண்மை என்பது அதன் பொருள். மை குறைந்த தூரிகை தாளின்மேல் விரைந்து செல்லும்போது கோட்டின் நடுவே தாளின் வெண்மை கீற்றுக் கீற்றாகத் தெரிவது அதன் இலக்கணம். கீழை ஹான் அரசின் காலத்தில் வாழ்ந்து கி.பி. 192இல் மறைந்த அறிஞர் சாய் யோங் இதைத் தோற்றுவித்தார் என்பது மரபு. அரண்மனை வாயிலில் தொழிலாளர்கள் சுண்ணாம்பு தோய்ந்த துடைப்பத்தால் சுவரில் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டு அவர் இந்த நடையை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் கல்விமான்கள் போற்றும் ஒரு நடைக்குச் சுண்ணாம்படிக்கும் துடைப்பத்தை மூலமாகச் சொல்ல அந்த மரபு கூச்சப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பிய எண்ணெய் ஓவியர்களும் காய்ந்த அடிநிறத்தின் மேல் வெளிறிய வண்ணத்தை வறட்சியாக இழுத்து, கீழே உள்ள நிறம் இடையிடையே தெரியும்படி விட்டதுண்டு. திரைச்சீலையின் நெசவு மேடுகளில் அந்த வண்ணம் சிக்கிக்கொள்ளும். ஆனால் இம்முறையைத் தன் ஆளுமையின் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டவர் அமெரிக்க ஓவியர் ஆன்ட்ரூ வையத். 1917இல் பிறந்து 2009இல் மறைந்தவர். நீர்வண்ணத்தில் தோய்த்த தூரிகையை விரல்களால் பிழிந்து, பிரிந்த மயிரிழைகளைக் கொண்டு புல்லையும் தலைமயிரையும் பழைய மரப்பலகைகளையும் இழை இழையாக எழுதினார். மயிர்த்தொப்பி அணிந்து உலர்ந்த புல்லில் அமர்ந்திருக்கும் தன் மகனை அவர் 1952இல் தீட்டிய 'ஃபாரவே' என்னும் ஓவியம் இவ்வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

வையத்தை நாம் இங்கே நினைவுகூர வேறொரு காரணமும் உண்டு. அவர் சிறுவயது முதலே பொம்மைப் படைவீரர்களைச் சேர்த்தவர். பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்ட் என்னும் ஊரில் உள்ள அவருடைய ஓவியக்கூடத்துக்குச் செல்பவர்கள் அந்தச் சேகரிப்பை இன்றும் பார்க்கலாம். அந்த ஊருக்கு அவர்கள் குடும்பம் நிலைகொள்ள வந்த கதை இன்னும் சுவையானது. அவருடைய தந்தை என்.சி. வையத் 1911இல் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலுக்குப் படங்கள் வரைந்தார். அதில் கிடைத்த பணத்தைக் கொண்டே அங்கு நிலம் வாங்கினார். ஸ்டீவன்சன் அந்த நாவலை 1881இல் எழுதத் தொடங்கியது, தன் வளர்ப்பு மகன் லாயிட் ஆஸ்பர்னோடு விளையாட்டாக ஒரு தீவின் படத்தை வரைந்ததிலிருந்து. அதே சிறுவனோடு சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில், வீட்டுப் பரணில் தரையெல்லாம் சுண்ணக்கட்டியால் நாடுகளை வரைந்து, நூற்றுக்கணக்கான ஈய வீரர்களைக் கொண்டு வாரக்கணக்கில் போர் நடத்தியவர் ஸ்டீவன்சன். காசநோயாளி என்று கருதப்பட்ட ஓர் எழுத்தாளர் வயிற்றின்மேல் தவழ்ந்து பொம்மைகளை நகர்த்திக்கொண்டிருந்த அந்தக் காட்சியை ஆஸ்பர்ன் 1898இல் ஒரு கட்டுரையாக எழுதினார். ஈயப் பொம்மையிலிருந்து நாவல், நாவலிலிருந்து ஓவியனின் வீடு, அந்த வீட்டிலிருந்து மீண்டும் உலர்தூரிகையும் ஈயப் பொம்மையும். வரலாறு சில நேரங்களில் இப்படித்தான் சுற்றிவருகிறது.

பளபளப்பின் காலம்

பொம்மை வீரர்களுக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவு ஸ்டீவன்சனோடு தொடங்கியதன்று. 1826ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாட்ரிக் பிரான்ட்டி என்னும் பாதிரியார் லீட்ஸ் நகரிலிருந்து தன் மகன் பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மர வீரர்களைக் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். சகோதரிகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டனர். பத்து வயதுச் சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் கோமகன் என்று பெயரிட்டார். அந்த வீரர்களுக்காகவே நாடுகள் உருவாயின; வரலாறுகள் எழுதப்பட்டன; வீரர்களின் கைக்கு ஏற்ற அளவில் தீப்பெட்டியளவு இதழ்கள் கையெழுத்தில் வெளிவந்தன. 'ஜேன் அயர்' எழுதிய கை முதலில் பழகியது அந்த இதழ்களில்தான். 1830இல் சார்லட் எழுதிய அத்தகைய இதழ் ஒன்றை 2019இல் பிரான்ட்டி நினைவு அருங்காட்சியகம் ஆறு இலட்சம் யூரோவுக்கு ஏலத்தில் எடுத்தது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838இல் எழுதிய ஒற்றைக்கால் தகர வீரனின் கதையை நாம் அனைவரும் அறிவோம். ஒரு பழைய தகரக் கரண்டியை உருக்கி இருபத்தைந்து வீரர்களை வார்த்தபோது கடைசி வீரனுக்கு உலோகம் போதவில்லை.

ஆண்டர்சனின் வீரன் பிறந்த தொழில் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் தழைத்தது. 1770களில் ஹில்பெர்ட் என்னும் தகரவேலைக்காரர் அங்கே தட்டையான தகர உருவங்களை வார்த்துவந்தார். கற்பலகையில் செதுக்கிய அச்சில் வார்க்கப்பட்ட அவை, நாணயத்தைப் போன்ற மெல்லிய புடைப்புகள் கொண்டவை. 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் குடும்ப நிறுவனம் இத்தொழிலைத் தலைகீழாக மாற்றியது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் மட்டும் இறுகியதும் மீதியை வெளியே கொட்டிவிடும் முறை அது. உள்ளீடற்ற, முழு உருண்டையான வீரன் குறைந்த ஈயத்தில், குறைந்த விலையில் பிறந்தான். 54 மில்லிமீட்டர் உயரமுள்ள பிரிட்டன் வீரர்கள் ஆங்கிலேய நடுத்தர வர்க்க வீடுகளின் தரைகளையெல்லாம் நிறைத்தனர்.

அவர்களுக்கு வண்ணம் தீட்டியவர்கள் யார் என்பதே நம் கட்டுரைக்கு முக்கியமான கேள்வி. தொழிற்சாலையில் வரிசையாக அமர்ந்திருந்த பெண்களும், பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துச்சென்று எண்ணிக்கைக் கூலிக்குத் தீட்டிக்கொடுத்த பெண்களும்தான். நியூரம்பர்க்கிலும் நிலைமை அதுவே. அங்கே குழந்தைகளும் வீட்டு மேசையில் கூடவே உழைத்தனர். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் நிழலுக்கும் ஒளிக்கும் நேரமில்லை. சிவப்பு மேலங்கி ஒரு இழுப்பு, கறுப்புத் தொப்பி ஒரு இழுப்பு, முகத்துக்கு இளஞ்சிவப்பு, கன்னத்தில் ஒரு புள்ளி. பளபளக்கும் எனாமல் வண்ணம். இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் 'பொம்மை வீரர் பாணி' என்று பாசத்தோடு போற்றும் அந்தத் தூய தட்டையான பளபளப்பு, அழகியல் தேர்வாகப் பிறந்ததன்று. கூலிக் கணக்கில் பிறந்தது.

அந்தப் பளபளப்புக்குப் பொருத்தமான ஓர் உலகப் பார்வையும் இருந்தது. பொம்மை வீரன் என்றும் அணிவகுப்பில் நிற்பவன். அவன்மேல் சேறு படுவதில்லை. அவன் மேலங்கி வெயிலில் வெளுப்பதில்லை. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'சிறு போர்கள்' என்னும் நூலை வெளியிட்டு, வில்விசைப் பீரங்கியால் மரக்குச்சிகளைச் சுட்டு இந்த வீரர்களை வீழ்த்தும் விளையாட்டுக்கு விதிகள் வகுத்தார். இந்த விளையாட்டைச் சில முறை ஆடிப்பார்த்தவருக்கே உண்மையான போர் எத்தகைய மடத்தனம் என்பது விளங்கிவிடும் என்பது அந்நூலில் அவர் வைக்கும் வாதம். அடுத்த ஆண்டே உண்மையான பெரும்போர் வந்தது. அதே வெல்ஸ் 1914இல் அதைப் போர்களுக்கெல்லாம் முடிவு கட்டப்போகும் போர் என்று ஆதரித்து எழுதினார்.

சேற்றின் காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைமை மாறியது. 1950களில் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் பிளாஸ்டிக் துண்டுகளாக விமானங்களையும் கப்பல்களையும் விற்கத் தொடங்கின. வாங்குபவரே ஒட்டவேண்டும், வாங்குபவரே வண்ணம் தீட்டவேண்டும். எண்ணிக்கைக் கூலிக்குப் பெண்கள் செய்த வேலை, ஓய்வுநேர இன்பமாகப் பெரும்பாலும் ஆண்களிடம் வந்துசேர்ந்தது. ஹம்ப்ரால் எனாமலின் சிறு தகரக் குப்பிகள் ஒவ்வொரு மேசையிலும் இடம்பெற்றன. 1961இல் ஜப்பானின் டாமியா நிறுவனம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் ஜெர்மானியப் பீரங்கி வண்டி ஒன்றை வெளியிட்டது. உள்ளே மின்கலங்கள் அடங்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த அந்த அளவே நாளடைவில் உலகெங்கும் பொது அளவாகியது. பிரிட்டன் நிறுவனமோ 1966இல் ஈய வீரர்களைச் செய்வதையே நிறுத்திவிட்டது.

வாங்கியவர்களில் பலர் போரைக் கண்டவர்கள், அல்லது கண்டவர்களின் பிள்ளைகள். 1962இல் போர் விளையாட்டு பற்றிய நூலை எழுதி அந்தப் பொழுதுபோக்குக்கு அடித்தளமிட்ட டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், உலகப்போரில் பீரங்கி வண்டிப் படையில் இருந்தவர். இவர்களுக்குப் பளபளக்கும் பொம்மை போதவில்லை. பீரங்கி வண்டி புழுதி படிந்திருக்கும், விளிம்புகளில் வண்ணம் உதிர்ந்திருக்கும், வீரன் களைத்திருப்பான் என்பதை அவர்கள் அறிவார்கள். அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெயின் 1970களில் போர்க்களக் காட்சிகளைச் சிறு மேடைகளில் அமைத்துக் காட்டியபோது, அவற்றில் ஒரு சிறுகதையின் கட்டுக்கோப்பு இருந்தது. 1980இல் வந்த அவருடைய நூல், காட்சியமைப்புக் கலையின் பாடநூலாகவே ஆயிற்று. 1980களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரான்சுவா வெர்லிண்டன், அடர்ந்த வாஷும் அழுத்தமான உலர்தூரிகையும் சேர்ந்த முறையைத் தன் நூல்களின் வழியே உலகெங்கும் பரப்பினார். அவர் கையில் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு ஆணித்தலையும் எழுந்து நின்றது. ஒரு தலைமுறை முழுவதும் அவரைப் பின்பற்றியது.

இங்கே உலர்தூரிகையின் ஓர் இரட்டைத் தன்மையைப் பார்க்க வேண்டும். பொருளொன்றில் வெளிச்சம் முதலில் படுவது விளிம்புகளில். கைபட்டுத் தேய்வதும், கல்லில் உரசிச் சிராய்வதும், வெயிலில் வெளுப்பதும் அதே விளிம்புகள்தாம். ஆகவே தூரிகையின் ஒரே வீச்சு ஒளியாகவும் வாசிக்கப்படும், தேய்மானமாகவும் வாசிக்கப்படும். புத்தம்புதிய பிளாஸ்டிக் துண்டுக்கு அது ஒரு நொடியில் கடந்தகாலத்தைக் கொடுத்துவிடுகிறது.

எதிர்ப்பும் அங்கிருந்தே எழுந்தது. 1990களின் இறுதியிலும் அதற்குப் பின்னரும், சிறப்பாக ஸ்பெயின் நாட்டு வண்ணக்காரர்களிடமிருந்து, புதிய முறைகள் வந்தன. உண்மையான பீரங்கி வண்டியின் விளிம்புகள் சாம்பல் பூத்து வெளிறி நிற்பதில்லை என்று சுட்டிக்காட்டினார்கள். உதிர்ந்த வண்ணத்தின் அடியில் தெரிவது கறுத்த இரும்பும் துருவும்தான். மெல்லிய நிறப்படலங்களும், இடம்பார்த்து இடும் நுண்ணிய நிழல்களும், கனிமப் பொடிகளும் உலர்தூரிகையின் இடத்தைப் பிடித்தன. அந்த வட்டத்தில் உலர்தூரிகை பழமைவாதத்தின் அடையாளமாயிற்று. யதார்த்தவாதத்தின் பெயரால் தோன்றிய ஒரு முறை, யதார்த்தத்தின் பெயராலேயே புறந்தள்ளப்பட்டது.

பூதங்களின் காலம்

வேறொரு திசையில் அது செழித்தது. 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு வெளிவந்தது. 1975இல் தொடங்கப்பட்ட கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் துணையோடு, 1979இல் இங்கிலாந்தில் சிட்டடல் என்னும் சிற்றுரு நிறுவனம் பிறந்தது. 1983இல் 'வார்ஹேமர்' விளையாட்டும் 1987இல் அதன் விண்வெளி வடிவமும் வந்தன. பூதங்களும் குள்ளர்களும் எலும்புக்கூட்டுப் படைகளும் நிறைந்த உலகம் அது. ஒரு விளையாட்டுக்கு ஐம்பது அறுபது உருவங்கள் தேவை. அத்தனைக்கும் வண்ணம் தீட்டவேண்டியவர்கள் பெரும்பாலும் பதின்வயதுச் சிறுவர்கள். கையில் காசும் குறைவு, பொறுமையும் குறைவு. உலர்தூரிகை அவர்களுக்கு வாய்த்த வரம்.

சிற்பிகளும் அதற்கேற்ப உருவங்களை மாற்றினார்கள் என்பதே நமக்குச் சுவையான செய்தி. இந்த உருவங்களின் தலையும் கையும் ஆயுதமும் இயல்பைவிடப் பெரியவை. மயிர்க்கற்றைகள் கயிறுபோலத் தடித்தவை. கவசத்தின் விளிம்புகள் வரப்புபோல உயர்ந்தவை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்பது ஒரு காரணம். வண்ணம் எளிதில் பற்றவேண்டும் என்பதற்கும் அது உதவியது. அரங்கில் கூத்தரின் ஒப்பனை கடைசி வரிசைக்கும் எட்டும்படி மிகைப்படுவதைப் போன்றது இது. விரைவில் காயும் அக்ரிலிக் வண்ணங்கள் எனாமலின் இடத்தைப் பிடித்ததும் இம்முறைக்குத் துணையாயிற்று. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே ஒரு நாள் காத்திருந்தது போய், சில நிமிடங்கள் போதும் என்றாயிற்று. 2012இல் சிட்டடல் தன் வண்ணங்களைப் புதிதாக வகைப்படுத்தியபோது, உலர்தூரிகைக்கென்றே களிம்புபோல இறுகிய தனி வண்ண வரிசை ஒன்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய தூரிகையும் கிழிந்த துணியும் போதும் என்றிருந்த முறைக்குத் தனிச்சரக்கு வந்துசேர்ந்தது. பிறகு, முகப்பூச்சுக்குப் பெண்கள் பயன்படுத்தும் உருண்டையான மென்தூரிகைகள் கரடுமுரடான பழைய தூரிகைகளைவிட மென்மையான வண்ணமாற்றம் தருகின்றன என்று கண்டு பலரும் அவற்றுக்கு மாறினர்.

அண்மைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு திருப்பத்தையும் சொல்லவேண்டும். 2019இல் சிட்டடல் 'கான்ட்ராஸ்ட்' என்னும் ஒளிபுகும் வண்ணங்களை வெளியிட்டது. ஒரே பூச்சில் மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் அடர்ந்தும் நிற்பவை அவை. 2022 அளவில் இவற்றோடு உலர்தூரிகையை இணைத்த ஒரு முறை 'ஸ்லாப் சாப்' என்னும் விளையாட்டுப் பெயரோடு பரவியது. உருவம் முழுவதும் கறுப்பு. அதன்மேல் சாம்பல், பிறகு வெள்ளை, இரண்டும் உலர்தூரிகையால். கடைசியாக ஒளிபுகும் நிறம். மேதைமை கோராத, அவசரக்காரர்களின் குறுக்குவழி இது. ஆனால் ஓவிய வரலாறு அறிந்தவர்களுக்கு இதன் எலும்புக்கூடு பழக்கமானது. முதலில் கறுப்பு வெள்ளையில் ஒளியையும் நிழலையும் முழுமையாக எழுதிவிட்டு, அதன்மேல் ஒளிபுகும் வண்ணப் படலங்களைப் பூசுவது ஐரோப்பியத் தலைசிறந்த ஓவியர்கள் பலர் கையாண்ட வழி. பதின்வயதுச் சிறுவன் ஒருவன் எலும்புக்கூட்டுப் படையைச் சனிக்கிழமைக்குள் முடிக்கவேண்டும் என்னும் அவசரத்தில் அதே வழியில் வந்துசேர்ந்திருக்கிறான்.

தேய்மானத்தின் பொய்

இத்தனையையும் சொன்னபின், நம்மை உறுத்தும் ஒரு கேள்வியையும் சொல்லாமல் விடுவது முறையன்று. பளபளக்கும் பொம்மை வீரன் போரைப் பற்றிய ஒரு பொய். அவன் சாவதில்லை, விழுந்தால் எடுத்து நிறுத்தலாம். அந்தப் பொய் வெளிப்படையானது. குழந்தையும் அதை அறியும். சேறு படிந்து, துரு ஏறி, விளிம்பு தேய்ந்து நிற்கும் சிற்றுருவோ தன்னை உண்மை என்று சொல்லிக்கொள்கிறது. அதைப் பார்க்கும் நாம் முதலில் சொல்வது 'எவ்வளவு அழகு' என்பதே. எரிந்த ஊரின் சுவரும் உடைந்த பீரங்கி வண்டியும் கையகலத்தில் அழகாகிவிடுகின்றன. எரித்தவன் யார், அந்தச் சுவருக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்னும் கேள்விகளுக்கு அந்த மேடையில் இடம் இருப்பதில்லை. புழுதியை நேர்மையாகத் தீட்டிவிட்டால் போரையும் நேர்மையாகச் சொல்லிவிட்டதாகக் கொள்ள முடியாது. போர் இலக்கியத்தில் யதார்த்தம் என்று நாம் பாராட்டும் எழுத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அதற்காக இந்தக் கலையைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. ஷெப்பர்ட் பெயினின் சிறந்த காட்சிகளில் ஒரு கை நீட்டலும் ஒரு தலைக்குனிவும் புழுதியைவிட மிகுதியாகப் பேசின. பன்னிரண்டு மர வீரர்களிலிருந்து சார்லட் பிரான்ட்டி எடுத்துக்கொண்டதும் போரை அன்று. மனிதர்களைப் படைக்கும் துணிவை.

1987இல் தொடங்கிய 'கோல்டன் டீமன்' போன்ற போட்டிகளில் வென்றவர்களின் பெயர்கள் பதிவாகின்றன. தாம் தீட்டிய உருவத்தின் பீடத்தடியில் கையெழுத்திடும் வழக்கமும் பரவியிருக்கிறது. அது நியாயமே. ஆனால் 1893இலிருந்து எழுபதாண்டுகளுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான கன்னங்களில் இளஞ்சிவப்புப் புள்ளி வைத்த லண்டன் பெண்களின் பெயர்கள் எந்தப் பீடத்தின் அடியிலும் இல்லை. அருங்காட்சியகங்களில் அந்தச் செந்நிற மேலங்கி வீரர்களை இன்றும் காணலாம். காண நேர்பவர்கள் அந்தப் புள்ளிகளைச் சற்றுக் குனிந்து பார்க்கட்டும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. சில சற்று மேலே, சில சற்றுக் கீழே. மாலை நேரத்தில் கை அசந்தபோது வைத்தவையாகவும் இருக்கலாம்.